மர பசில் அறுத்து விற்கலாமா? நிமிடக் கணக்கில் ஒரு உபதொழில்

1909-இல் அமெரிக்காவின் சேலம் நகரில் இருந்த பார்க்கர் பிரதர்ஸ் என்ற விளையாட்டுப் பொருள் கம்பெனி, மற்ற விளையாட்டுகளை எல்லாம் ஓரங்கட்டிவிட்டுத் தொழிற்சாலை முழுவதையும் மர ஜிக்சா பசில் அறுப்பதற்கே திருப்பிவிட்டது. அறுத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். கால்மிதி வைத்த அறுவை மிஷின் தையல் மிஷினைப் போலத்தான் ஓடும், பெண்களுக்கு அது கைவந்த வேலை என்று காரணம் சொன்னார்கள். ஆண்களைவிடக் குறைந்த சம்பளத்துக்கு அவர்கள் கிடைத்தார்கள் என்பது இன்னொரு காரணம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 1,400 துண்டு அறுக்க வேண்டும். எட்டு மணி நேர வேலை என்று வைத்துக்கொண்டால் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட மூன்று துண்டு.

வீட்டுப் பின்கட்டில் சின்ன மிஷின் ஒன்றைப் போட்டு, ஓய்வு நேரத்தில் மர பசில் செய்து விற்கலாமா என்று கேட்பவர்கள் பலர். யூடியூப் வீடியோக்கள் அந்த ஆசையை நன்றாகவே கிளப்பிவிடுகின்றன. அவர்கள் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டிய எண் அந்த மூன்று. ப்ளைவுட் என்ன விலை, மிஷின் என்ன விலை என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். இந்தத் தொழிலில் விலைபோவது நம்முடைய நிமிடம். மரம் அதற்கு ஒரு சாக்கு.

1908 வாக்கில் 500 துண்டு கொண்ட மர பசில் 5 டாலருக்கு விற்றது. சராசரித் தொழிலாளியின் மாதச் சம்பளமே அப்போது 50 டாலர்தான். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக அறுத்ததால் வந்த விலை அது. ஆகவே பணக்காரர் வீட்டு வரவேற்பறையைத் தாண்டி அது வெளியே வரவில்லை. 1930-களின் பொருளாதார மந்தம் வந்ததும் நிலைமை மாறியது. வேலை போன கட்டடக்கலைஞர்களும் தச்சர்களும் வீட்டிலேயே பட்டறை போட்டு பசில் அறுக்க ஆரம்பித்தார்கள். வாங்க ஊரில் யாரிடமும் காசில்லை. அதனால் வாடகைக்கு விட்டார்கள். மருந்துக்கடையிலும் வாடகை நூலகத்திலும் ஓர் இரவுக்கு 3 முதல் 10 சென்ட். அளவைப் பொறுத்து வாடகை. ஒரே பசில் ஐம்பது வீடு சுற்றிவந்தால் அறுத்தவருக்குக் கூலி கட்டுப்படியாகிவிடும். இந்தத் தொழிலின் சரித்திரத்தில் இதைவிடப் புத்திசாலித்தனமான யோசனை எனக்குத் தென்படவில்லை. பிரிட்டனில் 1933-இல் தொடங்கிய ஒரு பசில் நூலகம் இதையே தபால் வழியாகச் செய்தது. பெட்டிமேல் படம்கூட இருக்காது.

அந்த வாழ்வும் நீடிக்கவில்லை. அச்சு வைத்து ஒரே அழுத்தில் வெட்டித் தள்ளும் அட்டை பசில் 1932-இல் வெள்ளமாக வந்தது. பத்திரிகைக் கடையில் வாரம் ஒன்று, விலை 25 சென்ட். 1933-இன் தொடக்கத்தில் வாரத்துக்கு ஒரு கோடி பசில் விற்றது என்கிறார் இந்தச் சரித்திரத்தைத் தொகுத்த பொருளாதாரப் பேராசிரியர் ஆன் வில்லியம்ஸ். மலிவு விலையில் அறுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கடையைக் கட்டினார்கள். நியூயார்க்கில் பிராங்க் வேர், ஜான் ஹென்ரிக்ஸ் என்ற இருவர் மட்டும் எதிர்த்திசையில் போனார்கள். விலையை ஏற்றினார்கள், பசிலைக் கடினமாக்கினார்கள், வாங்குபவரின் பெயரையும் பிறந்த தேதியையும் துண்டுகளாகவே அறுத்துக் கொடுத்தார்கள். ஒவ்வொரு பசிலிலும் கையெழுத்துப்போல ஒரு கடல்குதிரைத் துண்டு இருக்கும். 'பார்' என்ற அவர்களுடைய கம்பெனிக்கு ஹாலிவுட் நட்சத்திரங்களே வாடிக்கையாளர்கள் ஆனார்கள். இதுவும் சாப்பாட்டு மேசையில் தொடங்கிய உபதொழில்தான்.

மிஷின் முன்னால்

பசில் அறுக்கும் ஸ்க்ரோல் சா என்பது தச்சர்கள் கையில் பிடித்து ஓட்டும் ஜிக்சா அல்ல. இது மேசைமேல் நிலையாக நிற்கும். ஐந்து அங்குல நீளமுள்ள மெல்லிய பிளேடு மேலும் கீழுமாக ஓட, பலகையை நாம்தான் இரண்டு கையாலும் திருப்பித் திருப்பிக் கொடுக்க வேண்டும். வீட்டு உபயோகத்துக்கு வரும் மிஷின்களில் பிளேடுக்கும் பின்தூணுக்கும் நடுவே 16 அங்குல இடம் இருக்கும். ஆரம்பத்துக்கு அது போதும். வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: முனையில் குறுக்கு ஆணி வைத்த பிளேடு மட்டும்தான் மாட்ட முடியுமா, ஆணி இல்லாத பிளேடும் பிடிக்குமா? ஆணி வைத்த பிளேடு மாட்டச் சுலபம். ஆனால் நடுவில் ஓட்டை போட்டுக் கோத்து அறுக்கும்போது அந்த ஆணி நுழையும் அளவுக்கு ஓட்டை பெரிதாக வேண்டும். நுணுக்கமான பிளேடுகள் ஆணி இல்லாமலேதான் வருகின்றன. ஆணி வைத்த பிளேடை மட்டும் பிடிக்கும் மிஷினை விலை குறைவு என்று வாங்கினால் சீக்கிரமே கை கட்டிப்போடப்படும்.

புது பிளேடு மாட்டியதும் செய்ய வேண்டிய சோதனை இது. தடிமனான வெட்டுக்கட்டை ஒன்றின் ஓரத்தில் ஒரு நூல் ஆழத்துக்கு அறுத்து வெளியே எடுங்கள். மிஷினை நிறுத்திவிட்டு, கட்டையைப் புரட்டாமல் மேசைமேலேயே நகர்த்தி, அறுத்த கோடு பிளேடின் முதுகைப் பார்க்கும்படி கொண்டுவாருங்கள். பிளேடு அந்தக் கோட்டுக்குள் தானாக நுழைந்தால் மேசை நேராக இருக்கிறது. முட்டினால் சாய்ந்திருக்கிறது. சாய்வோடு அறுத்த துண்டு மேல்பக்கமாகக் கழன்று வரும், கீழ்ப்பக்கமாகச் சிக்கிக்கொள்ளும். நல்ல பசிலின் துண்டு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நழுவ வேண்டும். அரை நிமிட வேலைதான். இதைத் தவிர்த்துவிட்டு, பிறகு ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துத் துண்டுகளை லொடலொட என்று ஆக்கிவிடுபவர்களே அதிகம்.

டிசைன் தாளை ஒட்டி, அதன்மேல் பார்சல் ஒட்டும் பிளாஸ்டிக் டேப்பை ஒரு வரிசை ஒட்டிவிட்டால் கடின மரத்தில் ஓரம் கருகுவது குறையும். பலகையைத் தள்ளித் தள்ளிக் கொடுக்க வேண்டியிருந்தால் பிளேடு மழுங்கிவிட்டது என்று அர்த்தம். கடின மரத்தில் அரை மணிக்குள்ளேயே அந்த நிலை வரலாம். பிளேடை மிச்சம் பிடிப்பது வீண் சிக்கனம். மழுங்கிய பிளேடு கோட்டை விட்டு விலகும், கையும் வலிக்கும்.

என்ன அறுப்பது

1932-இல் அட்டை செய்ததை இன்று லேசர் செய்கிறது. மூன்று, நான்கு எம்எம் ப்ளைவுட்டில் சின்னச் சின்னத் துண்டு அறுப்பதில் லேசரோடு போட்டி போட முடியாது. அமெரிக்காவின் போல்டர் நகர லிபர்ட்டி பசில்ஸ் போன்ற பெயர்பெற்ற மர பசில் கம்பெனிகளே லேசரில்தான் வெட்டுகின்றன. ஆனால் 18 எம்எம் தடிமனுள்ள திடமரத்தில் லேசர் திணறும், ஓரம் கரியாகும். எழுந்து நிற்கும் யானை, கன்றோடு பசு, மயில் என்று ஐந்தாறு துண்டில் பூட்டிக்கொள்ளும் தடிமனான பொம்மை பசில்தான் கைமிஷினின் சொந்த நிலம். புதிதாகத் தொடங்குபவர் அங்கேதான் தொடங்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

ஆறு துண்டு யானை ஒன்றுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இவை எடுத்துக்காட்டுக்காகச் சொல்லும் எண்கள், அவரவர் ஊர் விலையை அவரவர் போட்டுக்கொள்ளலாம். டிசைன் ஒட்டி அறுக்க 15 நிமிடம். ஓரம் மழுக்கி உப்புத்தாள் போட 25. எண்ணெய் பூசித் துடைக்க 5. பெட்டியில் வைத்து, வாட்ஸ்அப்பில் வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, கூரியரில் போட 15. ஆக ஒரு மணி. மணிக்கு 150 ரூபாய் என்று நமக்கு நாமே கூலி வைத்தால், மரம், பிளேடு, எண்ணெய், பெட்டிக்கு இன்னொரு 85. அடக்கம் 235 ரூபாய். விற்பனையில் மூன்றில் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும் கடையில் வைத்தால் 350 ரூபாய்க்குக் கீழே போட முடியாது. மரம் நாற்பது ரூபாய்தானே என்று 150-க்கு விற்பவர் தன் உழைப்பைத் தானம் செய்கிறார்.

இந்தக் கணக்கில் அறுப்பதைவிட உப்புத்தாள்தான் அதிக நேரம் தின்கிறது. அங்கே சுருக்கினால்தான் லாபம். நல்ல பிளேடு அறுத்த ஓரத்துக்கு உப்புத்தாளே அவ்வளவாக வேண்டாம். பத்து யானையை அறுத்து வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் தேய்த்தால் ஒன்றுக்கான நேரம் குறையும். டிசைனிலேயே வேலையைக் குறைப்பது இன்னொரு வழி. 1760-களில் லண்டனில் தேசப்படங்களை மரப்பலகையில் ஒட்டி அறுத்து விற்ற ஜான் ஸ்பில்ஸ்பரி, கடல் பகுதி இல்லாத படத்தைக் குறைந்த விலைக்குக் கொடுத்தார். மரமும் மிச்சம், அறுவையும் மிச்சம்.

படம் ஒட்டிய ஜிக்சா வேறு ரகம். 300 துண்டு அறுக்க, நிமிடத்துக்கு ஒன்று என்று போனாலும் ஐந்து மணி நேரம். விலை ஆயிரங்களில் போகும், வாங்குபவர் கொஞ்சம் பேர். ஆனால் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நாலைந்து பசிலை வாடகைக்குச் சுற்றவிட்டுப் பார்க்கலாம். தொலைந்த துண்டை அறுத்தவரே மறுபடி செய்து கொடுக்க முடியும் என்பது இதில் உள்ள வசதி. படத்துக்கு ரவிவர்மா ஓவியங்கள் தோது. இந்தியச் சட்டப்படி ஓவியர் இறந்து 60 ஆண்டுவரைதான் பதிப்புரிமை, ரவிவர்மா மறைந்தது 1906-இல். டிவியில் வரும் கார்ட்டூன் உருவங்களை மட்டும் தொட வேண்டாம். அவற்றின் உரிமையாளர்கள் விழிப்பாக இருப்பவர்கள்.

புள்ளி செய்யும் தொல்லை

நம் ஊரில் சட்டென்று ஆர்டர் வருவது பெயர் பசிலுக்கு. குழந்தையின் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அறுத்து, ஒரு தட்டுப் பலகையில் பொருத்திக் கொடுப்பது. ஆங்கில எழுத்துக்கான டிசைன் எங்கும் கிடைக்கும். தமிழுக்கு நாமே வரைய வேண்டும், அதுவே நமக்குச் சாதகம். ஆனால் 'கார்த்திக்' என்று எழுதிப் பாருங்கள். மூன்று புள்ளி. அப்படியே அறுத்தால் பட்டாணி அளவில் மூன்று மரத்துண்டு தனியாக உதிரும். குழந்தையின் கை முதலில் அதற்குத்தான் போகும், அடுத்தபடி வாய்க்கு. புள்ளியை ஒரு கழுத்து வைத்து எழுத்தோடு சேர்த்து வரையலாம். அல்லது எழுத்தைச் சுற்றி அகலமாக ஓரம் விட்டு, புள்ளி வரும் இடத்தில் ஓட்டை மட்டும் போடலாம். 'கொ' போன்ற எழுத்தைக் கொம்பு, ககரம், கால் என்று மூன்றாகப் பிரிக்காமல் ஒரே துண்டாக விடுவது நல்லது. ப, ட போன்றவை திறந்த எழுத்துகள், ஒரே ஓட்டத்தில் முடியும். க, த போன்றவற்றில் மூடிய கண் உண்டு. கண்ணுக்குக் கண் ஓட்டை போட்டு, பிளேடைக் கழற்றி, நுழைத்து, மறுபடி மாட்ட வேண்டும். எழுத்துக்கு இவ்வளவு என்று ஒரே விலை சொல்பவர் 'கார்த்திகா'வில் நஷ்டப்பட்டு, 'பாபு'வில் ஈடுகட்டிக்கொண்டிருப்பார்.

பட்டாணித் துண்டு வெறும் அக்கறை சார்ந்த விஷயம் இல்லை, சட்டமும் கூட. பொம்மைப் பாதுகாப்புத் தரநிலைகளில் ஒரு சிறு உருளை உண்டு, குறுக்களவு 31.7 எம்எம். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் தொண்டையை மனதில் வைத்து வகுத்த அளவு. அதற்குள் முழுதாக அடங்கும் எந்தத் துண்டும் அந்த வயதுக் குழந்தைக்கான பொம்மையில் இருக்கக் கூடாது. இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். உபதொழில் செய்பவருக்கு அந்த உரிமமும் சோதனைச் செலவும் கட்டுப்படியாகாது. மத்திய அரசின் கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையர் அலுவலகத்தில் கைவினைஞராகப் பதிவு செய்தவர் தாமே செய்து விற்கும் பொருளுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. மர பொம்மை செய்ய நினைப்பவர் மிஷின் வாங்கும் முன்பே அந்தப் பதிவைப் பற்றி விசாரிப்பது நல்லது. பதிவு கிடைக்காவிட்டால் பெரியவர்களுக்கான கடின பசில் பக்கம் போக வேண்டும்.

விலக்கு முத்திரைக்குத்தான், பொறுப்புக்கு இல்லை. பூச்சு விஷயத்தில் பலர் தேங்காய் எண்ணெய் தடவுகிறார்கள். அது காயாது, பிசுக்காகவே இருக்கும், தூசி ஒட்டும். சுத்தமான ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும் நல்லது. ஹார்டுவேர் கடையில் 'பாயில்ட்' என்று விற்கும் ஆளிவிதை எண்ணெயில் சீக்கிரம் காய்வதற்கு உலோக உப்பு சேர்ப்பார்கள், பொம்மைக்கு வேண்டாம். இந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் காயும்போதே சூடேறித் தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் போட வேண்டும்.

இன்னொன்று மரத்தூள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. வாரத்துக்கு நாலு மணிநேர வேலைதானே என்று முகக்கவசம் இல்லாமல் உட்காருவதும், படுக்கையறை பால்கனியில் மிஷின் போடுவதும் சரியில்லை. எம்டிஎஃப் பலகை அறுக்க மெத்தென்று இருக்கும். ஆனால் அதன் தூள் இன்னும் நுண்ணியது, பசையில் ஃபார்மால்டிஹைடு வேறு.

எங்கே விற்பது

கைவினைக் கண்காட்சி, மாண்டிசோரிப் பள்ளிகள், இன்ஸ்டாகிராம் எல்லாம் உண்டு. ஆனாலும் தமிழ்நாட்டில் மொத்தமாக ஆர்டர் வரும் வாசல் ரிட்டர்ன் கிஃப்ட். முதல் பிறந்தநாள், நவராத்திரி தாம்பூலம், புதுமனை புகுவிழா. ஒரே டிசைனில் அறுபது கேட்பார்கள், அதில் நேரம் மிச்சமாகும். ஆனால் விலையை அடிமாட்டு விலைக்கு இறக்குவார்கள். அறுபது ஒரே யானை என்றால் ஒன்றுக்கு ஒரு மணி என்பது முக்கால் மணியாகக் குறையலாம், அந்த அளவுக்குத்தான் தள்ளுபடி. ஒவ்வொன்றிலும் விருந்தாளி பெயர் வேண்டும் என்றால் தள்ளுபடியே கிடையாது.

தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்க ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. வெளிமாநிலத்துக்கு ஆன்லைனில் விற்பதற்கு விதி வேறு, கைவினைப் பொருளுக்குச் சலுகைகளும் உண்டு. ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுவிடலாம். உத்யம் பதிவு இலவசம்.

ரிட்டர்ன் கிஃப்ட் ஆர்டரில் பாதிப் பணம் முன்பணமாக வாங்க வேண்டும், பெயரின் எழுத்துக்கூட்டலை எழுத்தில் வாங்க வேண்டும். 'ஸ்ரீநிதி'யா 'சிறீநிதி'யா என்பதைப் போனில் கேட்டு அறுத்தால், தப்பான அறுபது பெட்டியும் நம் வீட்டிலேயே தங்கும். விழாத் தேதிக்கு ஒரு வாரம் முன்பே முடிக்கும்படி நாள் சொல்ல வேண்டும், ஏனென்றால் மழைநாளில் எண்ணெய் காய இரண்டு மடங்கு நேரம் எடுக்கும், நவராத்திரியோ ஐப்பசி மழையை ஒட்டியே வருகிறது.