முற்றத்தை மூடாமல் ஓர் அறை!

கும்பகோணத்தில் எங்கள் வீடு ரொம்பப் பழசு. என் மாமனாரின் அப்பா கட்டியது. ரயில் பெட்டி மாதிரி வரிசையாக வீடுகள் உள்ள தெரு. எங்கள் வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். அகலம் 16 அடி. நீளம் மட்டும் 95 அடி. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், சமையலறை, அப்புறம் கொல்லை, கிணறு என்று போய்க்கொண்டே இருக்கும். கழிவறை கொல்லைக் கடைசியில்.

வருகிறவர்கள் எல்லாம், "வீடு என்ன குளுகுளுன்னு இருக்கு!" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போகிறவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும்.

2018 மார்கழியில் ஒரு நாள் விடியற்காலை என் மாமியார் அப்படிப் போனவர், கொல்லைப்படியில் வழுக்கி விழுந்துவிட்டார். வயது 74. இடுப்பெலும்பு முறிந்து, தஞ்சாவூரில் ஆபரேஷன் நடந்தது. டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: "இனிமேல் படி ஏறி இறங்கக் கூடாது. பாத்ரூம் படுக்கைக்குப் பக்கத்திலேயே இருக்கணும்."

கூடத்தில் கட்டிலைப் போட்டு, சுற்றிலும் புடவையைத் திரையாகக் கட்டினோம். பெட்பேன் வைக்கும்போதெல்லாம் அத்தை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். வாசலில் யாராவது வந்தால் நெளிவார். தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். அதைப் பார்த்த பிறகுதான், கடனோ உடனோ, கீழேயே ஓர் அறை கட்டிவிடுவது என்று முடிவு செய்தோம்.

மேஸ்திரி சொன்ன யோசனை

முதலில் வந்த மேஸ்திரி வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எதுக்கம்மா கொல்லையில செலவு பண்றீங்க? முற்றத்துக்கு மேல தளம் போட்டு மூடிட்டா ரூம் ரெடி. பாதிச் செலவுதான்" என்றார். என் கணவருக்கும் அது சரியென்று பட்டது. எனக்கும்தான்!

கட்டிலில் படுத்தபடியே அத்தை குரல் கொடுத்தார்: "முத்தத்தை மூடினா வீட்டோட மூக்கைப் பொத்தின மாதிரிடி அம்மா. எனக்கு ரூமே வேணாம்."

வயசானவர்களின் பிடிவாதம் என்றுதான் நினைத்தேன். மறுநாள் நாலு வீடு தள்ளி இருக்கும் என் சிநேகிதி வீட்டுக்குப் போனேன். அவர்கள் முற்றத்தை மூடி அஞ்சு வருஷமாகியிருந்தது. பட்டப்பகலில் கூடத்தில் டியூப்லைட் எரிந்தது. சுவரெல்லாம் ஓதம் ஏறி, பூச்சு பொரிந்து, மூலையில் பூஞ்சணம் கருப்பாகப் படர்ந்திருந்தது. "தாளிச்சா நெடி ராத்திரி வரைக்கும் போகலை. சின்னவனுக்கு வீசிங் வேற" என்றாள் அவள்.

யோசித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் பொதுச்சுவர் என்றால் அந்தப் பக்கங்களில் ஜன்னலே கிடையாது. வாசல், முற்றம், கொல்லை... காற்றும் வெளிச்சமும் வர இந்த மூன்றே வழிதான். வெயிலில் முற்றத்துக் காற்று சூடாகி மேலே போகும். அந்த இடத்துக்கு வாசலிலிருந்தும் கொல்லையிலிருந்தும் காற்று வரும். பழைய வீடு குளுகுளுவென்று இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பூஞ்சணம் பிடித்த வீட்டில் ஆஸ்துமாக்காரர்களுக்குத் தொந்தரவு அதிகமாகும் என்று டாக்டர்களும் சொல்கிறார்கள். அத்தை சொன்னது பிடிவாதம் இல்லை, அனுபவம்!

கொல்லையில் அறை

என் கணவரின் நண்பர் ஒருவர் சிவில் இன்ஜினீயர். அவரைக் கூப்பிட்டு, சமையலறைக்குப் பின்னால் 11 அடிக்கு 11 அடியில் அறை, அதை ஒட்டி 8 அடிக்கு 5 அடியில் பாத்ரூம் என்று பிளான் போட்டோம். கொல்லையின் முழு அகலத்தையும் அடைக்கவில்லை. ஒரு பக்கம் 5 அடி சந்து விட்டோம். சமையலறையின் கொல்லைக்கதவு அந்தச் சந்தில் திறக்கும். அறையின் ஜன்னலும் அதைப் பார்த்துத்தான். அதனால் இரண்டுக்கும் வெளிச்சம் உண்டு.

கட்டட அனுமதி வாங்கிய பிறகே கடைக்கால் தோண்டினோம். (அப்போது கும்பகோணம் நகராட்சி, 2021-ல்தான் மாநகராட்சி ஆனது.)

இன்ஜினீயர் சொன்ன ஒரு யோசனை எல்லோருக்கும் உதவும். புது அறைக்கு வாசல் வைக்கப் பழைய சுவரைப் புதிதாக உடைக்கவில்லை. சமையலறையில் 3 அடி அகல ஜன்னல் ஒன்று இருந்தது. அதற்குக் கீழே உள்ள சுவரை மட்டும் எடுத்துவிட்டு அதையே கதவாக்கினோம். மேலே இருக்கும் பாரத்தைத் தொடவே இல்லை. எங்கள் சமையலறைக்கு மேலே மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரங்களின் மேல் சின்னச் செங்கல்லைச் சாய்வாக அடுக்கி, சுண்ணாம்புக் காரையில் போட்ட தளம். அதைத் தாங்குகிற சுவரில் கண்ட இடத்தில் கை வைத்தால் ஆபத்து.

அந்த ஒரு நாள்...

பக்கத்து வீட்டுச் சமையலறைச் சுவர் எங்கள் புது அறையை ஒட்டியே வரும். பழைய சுவர்களுக்குக் கடைக்கால் ஆழம் குறைவாக இருக்கும். அதனால் அதன் ஓரத்தில் ஒரே நாளில் நீளமாகத் தோண்டக் கூடாது. நாலு நாலு அடியாகத் தோண்டி, கட்டி, மண் நிரப்பிய பிறகுதான் அடுத்த நாலு அடி என்று இன்ஜினீயர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

ஒரு நாள் அத்தையைச் செக்கப்புக்காகத் தஞ்சாவூர் அழைத்துப் போயிருந்தோம். திரும்பி வந்து பார்த்தால், வேலை சீக்கிரம் முடியட்டும் என்று ஆட்கள் 11 அடியையும் ஒரே மூச்சில் தோண்டி வைத்திருந்தார்கள். அன்று ராத்திரி பார்த்துக் கோடை மழை! காலையில் பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்து நின்றார். "ஏம்மா, உன் மாமியாருக்கு ரூம் கட்ட என் வீட்டை இடிக்கணுமா?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். அவர்கள் சமையலறை மேடைக்கு மேலே கோணலாக ஒரு விரிசல், என் முழ நீளத்துக்கு. பெரியம்மா தனி ஆள். அந்த வீட்டை விட்டால் அவருக்கு வேறு போக்கிடம் இல்லை. எனக்குக் கை கால் ஓடவில்லை.

வேலையை நிறுத்தினோம். இன்ஜினீயர் உடனே வந்து முட்டுக்கொடுத்து, பள்ளத்தைத் துண்டு துண்டாக அடைத்துக் கட்டவைத்தார். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினார். கோட்டைத் தாண்டி நீண்டால் ஆபத்து. நீளாவிட்டால் சுவர் நின்றுவிட்டது என்று அர்த்தமாம். 12 நாள்! தினமும் காலையில் காபியை எடுத்துக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போய், இரண்டு பேரும் கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தக் கோட்டைத்தான் பார்ப்போம். நல்லவேளை, நீளவில்லை.

எங்கள் செலவிலேயே அந்தச் சுவரைச் சரி செய்து கொடுத்தோம். சிமென்ட் வேண்டாம், சுண்ணாம்புக் காரையே பூச வேண்டும் என்றார் இன்ஜினீயர். பழைய சுண்ணாம்புச் சுவரில் ஈரம் ஏறும், தானாக வெளியே வந்து காயும். அதன் மேல் சிமென்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே சிக்கி, பூச்சு பொரிந்து விழும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசத் தெரிந்த வயதான கொத்தனார் ஒருவரைத் தேடிப் பிடித்தோம்.

எங்கள் புதுத் தளத்தைப் பழைய சுவர் எதிலும் தாங்க விடவில்லை. அரை அங்குலம் இடைவெளி விட்டுத் தனியாக 9 அங்குலச் சுவர் எழுப்பினோம். முக்கால் அடி இடம் போயிற்றே என்று முதலில் வருத்தமாக இருந்தது. புதுக் கட்டடம் கொஞ்சம் இறங்கினாலும் பழையதை இழுக்காமல் இருக்க அதுதான் வழி.

3 லட்சம் என்று போட்ட கணக்கு மூணே முக்கால் லட்சத்தில் முடிந்தது. என் மூன்று பவுன் சங்கிலி அடகுக்குப் போய், ஒன்றரை வருஷம் கழித்துத் திரும்பி வந்தது.

உங்கள் வீட்டிலும் இப்படிக் கட்டுவதாக இருந்தால்...

• வேலை ஆரம்பிக்கும் முன்பே பக்கத்து வீட்டாரிடம் பேசி, இரண்டு வீட்டுச் சுவர்களையும் படம் எடுத்து வையுங்கள். விரிசல் பழசா புதுசா என்ற சண்டை வராது.

• பொதுச்சுவர் ஓரத்தில் தோண்டும் நாட்களில் வீட்டில் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும்.

• புது அறையின் தரை பழைய தரை மட்டத்திலேயே இருக்கட்டும். கொல்லை ஒன்றரை அடி பள்ளம் என்பதால் நாங்கள் மணல் நிரப்பி, தண்ணீர் விட்டு, நன்றாக இறுக்கிய பிறகே தரை போட்டோம். வாசற்படியே கிடையாது.

• பாத்ரூம் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே யாராவது விழுந்துவிட்டாலும் திறக்க முடியும்.

• தரைக்குச் சொரசொரப்பான டைல்ஸ். உட்கார்ந்து எழுந்திருக்கக் கைப்பிடிக் கம்பி. சுவிட்ச் கட்டிலில் இருந்தபடியே எட்ட வேண்டும்.

• மாடித்தளத்தின் வாட்டம் உங்கள் கொல்லைப் பக்கமே இருக்கட்டும். பக்கத்துச் சுவரில் தண்ணீர் இறங்கக் கூடாது. எங்கள் மழைநீர் குழாய் வழியாக வடிகட்டும் தொட்டிக்குப் போய்க் கிணற்றில் சேர்கிறது.

• கான்கிரீட் போட்ட பின் பத்து நாளாவது தளம் காயாமல் தண்ணீர் கட்டுங்கள். அந்த வேலையை ஆட்களிடம் விடாமல் நானே செய்தேன்.

• என்ன ஆனாலும் முற்றத்தை மூடாதீர்கள்! திருட்டு பயம் என்றால் மேலே இரும்புக் கம்பி போட்டுக்கொள்ளலாம்.

2019 ஆனியில் அத்தை புது அறைக்குப் போனார். முதல் நாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு தானாகவே பாத்ரூமுக்குப் போய், கதவைத் தாழிட்டுக்கொண்டார். நான் வெளியே நின்று கேட்டேன், "அத்தை, உதவிக்கு வரட்டுமா?" உள்ளேயிருந்து அதட்டலாகப் பதில் வந்தது, "நீ போய் உன் வேலையைப் பாருடி!" ஆறு மாதத்துக்குப் பிறகு அந்தப் பழைய குரல்! சமையலறையில் போய் நின்று கொஞ்ச நேரம் அழுதேன்.

ஐப்பசி அடைமழையில் தளத்தின் மூட்டில் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. கதவைத் திறந்து வைத்தால், படுத்தபடியே அத்தைக்குச் சமையலறையைத் தாண்டி முற்றத்தில் மழை விழுவது தெரியும். "பாத்தியா, நல்லவேளை மூடலை" என்பார்.

இரண்டு வருஷம் அந்த அறையில் இருந்துவிட்டு, 2021-ல் அத்தை போய்ச் சேர்ந்தார். இப்போது என் மகள் பிரசவத்துக்கு வந்து அதே அறையில் இருக்கிறாள். சிசேரியன் ஆன வலியோடு, பாட்டிக்காக வைத்த கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறாள். குழந்தைக்குக் காலை இளவெயில் காட்ட எங்கேயும் போக வேண்டாம். முற்றம் இருக்கிறதே! அங்கே பலகை போட்டு, பேரனை மடியில் கிடத்திக்கொண்டு முதலில் உட்காருவது யார் தெரியுமா? பக்கத்து வீட்டுப் பெரியம்மாதான்.