பழைய ஏடுகளில் நம்மைத் தேடும் வழி



உயர்தர வகுப்பில் ஒருநாள் மலையக இலக்கியம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவி எழுந்து, "சேர், எங்க பரம்பரை கோப்பிக் காலத்திலயே வந்ததாம். எங்க தோட்டத்தப் பத்தி எந்தப் புத்தகத்திலயாவது இருக்குமா?" என்று கேட்டாள். என்னிடம் விடை இருக்கவில்லை. அடுத்த விடுமுறையில் பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் புறப்பட்டேன். அங்கு தேடிக் கற்றுக்கொண்டவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

1921ஆம் ஆண்டு கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியபோது உருவான நூலகம் இது. 1952இல் பல்கலைக்கழகம் பேராதனைக்குக் குடிபெயர்ந்தபோது நூல்களும் உடன் வந்தன. இலங்கை பற்றிய அரிய நூல்களும் ஓலைச்சுவடிகளும் தனிப் பகுதியாகப் பேணப்படுகின்றன. பொதுப் பகுதியைப் போல அலுமாரிகளுக்கிடையே உலாவி நூலைக் கையிலெடுக்கும் வசதி இத்தகைய பகுதிகளில் கிடையாது. பட்டியலைப் பார்த்து, எண்ணைக் குறித்துக் கொடுத்தால் நூலை எடுத்து வருவார்கள். ஆகவே, பட்டியலில் தேடத் தெரியாதவனுக்கு எத்தனை நூல்கள் இருந்தும் பயனில்லை.

நான் முதலில் தேடிய சொல் 'மலையகம்'. அண்மைக்கால நூல்கள் பல வந்தன. பழையது ஒன்றும் வரவில்லை. ஏமாற்றத்தோடு சிறிதுநேரம் இருந்தபின்புதான் காரணம் புலப்பட்டது. மலையகம் என்பது நாம் பிற்காலத்தில் நமக்குச் சூட்டிக்கொண்ட பெயர். பழைய ஆவணங்களை எழுதியவர்கள் நம்மை அப்படி அழைக்கவில்லை. அவர்களுக்கு நாம் 'கூலி', 'இந்தியத் தொழிலாளர்', 'குடியேற்றத் தொழிலாளர்'. அந்தச் சொற்களை ஆங்கிலத்தில் இட்டுத் தேடியபோது, அறிக்கைகளும் ஆணைக்குழு விசாரணைகளும் வரிசையாக வந்தன. மனதுக்குக் கசப்பான சொற்கள்தாம். ஆயினும் கதவின் சாவி அவர்கள் செய்த சாவியாக இருக்கும்போது, அதைக் கொண்டுதான் திறக்கவேண்டியிருக்கிறது.

இரண்டாவது சிக்கல் எழுத்துக்கூட்டல். தெமோதரை என்ற ஊரையே ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதியிருக்கிறார்கள். நடேசய்யர் என்ற பெயருக்கும் அதே கதிதான். துரைமார் தோட்டத்துக்கு வைத்த பெயர் ஒன்று, நம்மவர் வழங்கிய பெயர் வேறொன்று என்பதும் உண்டு. எனவே, ஒரு பெயரை எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனையையும் முதலிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள்.

மூன்றாவது, பொருள் எதுவென்று ஊகிப்பது. 1869இல் ஆபிரகாம் ஜோசப் இயற்றிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' தோட்ட வாழ்வோடு தொடர்புடைய மிகப் பழைய அச்சுநூல்களுள் ஒன்று. தலைப்பில் தோட்டமும் இல்லை, தொழிலாளியும் இல்லை. கோப்பி என்ற பயிரின் பெயராலோ, கும்மி என்ற பாவகையாலோ தேடுபவருக்கே அது அகப்படும். சி. வி. வேலுப்பிள்ளையின் புகழ்பெற்ற கவிதை நூல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. தமிழ்ப் பகுதியை மட்டும் புரட்டுபவர் நமது பெருங்கவிஞர் ஒருவரையே தவறவிடுவார். பழைய தமிழ் நூல்களில் ஆண்டு, 'சுக்கில' என்பதுபோல வருடப் பெயராகவும் இருக்கும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அது திரும்பி வருவதால், 1869ஆ 1929ஆ என்று தாளையும் அச்சையும் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

நூலே கிடைக்காவிட்டால் என்ன செய்வது? 1885ஆம் ஆண்டின் முதலாம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, இலங்கையில் அச்சிடப்படும் நூல்கள் பதிவு செய்யப்படலாயின. அவற்றின் பட்டியல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசாங்க வர்த்தமானியில் வெளிவந்தது. தலைப்பு, ஆசிரியர், அச்சகம், அச்சிட்ட பிரதிகளின் தொகை முதலியன அதில் இருக்கும். நூல் கறையானுக்கு இரையாகியிருந்தாலும், அப்படியொரு நூல் இருந்தது என்பதற்கு அந்த வரி சாட்சி. 1924இல் நடேசய்யர் தொடங்கிய 'தேசபக்தன்' போன்ற பத்திரிகைகளை நூற்பட்டியலில் தேடிப் பயனில்லை. பத்திரிகைப் பிரிவிலும், கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்திலும் விசாரிக்க வேண்டும். தோட்டத்துறையில் பணியாற்றிய சாரல் நாடன் இத்தகைய பழைய ஏடுகளை நாடித் தேடியதன் பயனாகவே 1988இல் நடேசய்யரின் வரலாறு நமக்கு நூலாகக் கிடைத்தது.

மாணவியின் கேள்விக்கு வருவோம். பெர்குசன் நிறுவனத்தார் வெளியிட்டுவந்த இலங்கைக் கைந்நூல்களில் தோட்டங்களின் விவரம் உண்டு. தோட்டத்தின் பெயர், ஏக்கர், சொந்தக்காரர், துரையின் பெயர் எல்லாம் இருக்கின்றன. மலையை வெட்டிக் கன்று நட்டவனின் பெயர் மட்டும் இல்லை. அந்தப் பெயர் இருந்த இடம் தோட்டத்துச் செக்றோல். அதற்கடுத்தது வீட்டுத் தகரப்பெட்டி.

அந்தப் பெட்டியின் அருமையை நமது மூத்தோர் அனுபவித்து அறிந்தவர்கள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பின், 1949இன் இந்திய பாகிஸ்தானியர் சட்டப்படி விண்ணப்பித்தவர்கள், மணமானவராயின் ஏழு வருடமும் ஆகாதவராயின் பத்து வருடமும் இடைவிடாது இங்கு வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. ஒரு துண்டுக் கடதாசி இல்லாததால் நாட்டை இழந்த குடும்பங்கள் உண்டு. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது நாடறிந்த துயரம். 1983இல் பதுளையில் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது எத்தனை பெட்டிகள் சாம்பலாகின என்று எந்தப் பட்டியலிலும் இல்லை.

ஊருக்குத் திரும்பி அந்த மாணவியிடம், "உன் பாட்டன் பெயர் கிடைக்கவில்லை பிள்ளை. வீட்டில் பழைய கடதாசி ஏதும் இருக்கிறதா என்று கேள்" என்றேன். இரண்டு நாள் கழித்து, மடிப்பில் கிழிந்துபோன பிரஜாவுரிமை விண்ணப்பப் பிரதியொன்றைக் கொண்டுவந்தாள். தோட்டம், டிவிசன், தகப்பன் பெயர், இந்தியாவில் பிறந்த ஊர் எல்லாம் அதில் இருந்தன. பேராதனையில் நான் காணாதது லயத்துக் காம்பராவில் இருந்தது.

ஆகவே நேயர்களே, வீட்டிலுள்ள பழைய கடதாசிகளை எறியாதீர்கள்; ஒட்டுநாடா ஒட்டாதீர்கள்; ஈரம் படாமல் வையுங்கள். பிரதியெடுத்துப் பின்புறத்தில், பென்சிலால், யாருடையது, எந்தத் தோட்டம் என்று எழுதுங்கள். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் இணைய நூலகத்தில் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இலவசமாகப் பார்க்கலாம். தேடலை அங்கு தொடங்கி, பின்பு பேராதனைக்குச் செல்லுங்கள். நாளை ஒரு பிள்ளை பட்டியலில் தேடும்போது, நாம் நமக்கு வைத்த பெயரிலேயே நம்மைக் கண்டெடுக்கட்டும்.