தோள்களைப் போர்த்தும் நூல்



நகரத்தில் குடியேறியிருக்கும் நம்முடைய சபைகளின் சகோதரிகள் பலர், பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்பும்வரை கொக்கி ஊசியும் நூலுமாக அமர்ந்து குரோஷா சால்வை பின்னுகிறார்கள். சிலர் விற்பதற்காகவும், சிலர் பேரப்பிள்ளைக்காகவும், சிலர் வியாதியஸ்தருக்குக் கொடுப்பதற்காகவும் பின்னுகிறார்கள். எந்த நூலை வாங்குவது, கையிலிருக்கும் பணத்திற்கு எது கிடைக்கும் என்பதே அவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. இது சிறிய கேள்விபோல் தோன்றலாம். ஆனால் நாம் வாழுகிற இந்தத் திருவனந்தபுரத்தில், தோளின்மேல் போடும் துணி சிறிய காரியமாய் இருந்ததில்லை.

தோள்சீலையும் ரேந்தையும்

திருவிதாங்கூர் ராஜ்யத்தில் ஒருகாலத்தில் நாடார் பெண்களும் அவர்களைப்போல் தாழ்த்தி வைக்கப்பட்ட மற்றவர்களும் மார்பையும் தோளையும் மூடித் துணி அணியத் தடையிருந்தது. சுவிசேஷத்தை ஏற்றுக்கொண்ட பெண்கள் மேலாடை அணிந்தபோது தெருவிலும் சந்தையிலும் அது கிழிக்கப்பட்டது. பல ஆண்டுகள் நீடித்த தோள்சீலைப் போராட்டத்திற்குப் பின், 1859-ஆம் ஆண்டு உத்திரம் திருநாள் மகாராஜாவின் பிரகடனம் வெளிவந்தது. அதிலும் ஒரு நிபந்தனை இருந்தது. நாடார் பெண்கள் சட்டை அணியலாம், முரட்டுத் துணியைத் தோளில் சுற்றிக்கொள்ளலாம். ஆனால் உயர்ந்த ஜாதிப் பெண்கள் அணியும் விதமாக அணியக்கூடாது. உடுத்த அனுமதி கிடைத்தது. சம மதிப்பு கிடைக்கவில்லை.

அதே ராஜ்யத்தில் நூல் வேறொரு வேலையையும் செய்தது. அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நாகர்கோவிலில், லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் 1820-களின் தொடக்கத்தில் பெண்பிள்ளைகளுக்கு ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தார். அது கொக்கி ஊசியால் பின்னும் குரோஷா அன்று. திண்டின்மேல் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னும் வேலை. அடிமைகளாய்ப் பிறந்த பெண்பிள்ளைகளும் அங்கே கற்றார்கள். ரேந்தை விற்ற கூலியைச் சேர்த்து, தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கியவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855-ல்தான் சட்டப்படி ஒழிந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த நூலின் அருமை விளங்கும். மால்ட் தம்பதியரின் குமாரத்தி எலைசா, 1844-ல் ராபர்ட் கால்டுவெல் ஐயரை மணந்து, இடையன்குடிப் பெண்களுக்கும் இதே வேலையைக் கற்பித்தார்.

ஆகவே சகோதரிகளே, ஒருவருடைய தோளுக்கு எப்படிப்பட்ட துணியைக் கொடுக்கிறோம் என்பது, அவரை எப்படி மதிக்கிறோம் என்பதைக் காட்டும். ஏழைக்கு முரட்டு நூல், செல்வந்தருக்கு மெல்லிய நூல் என்று நாம் பிரிப்போமானால், அந்தப் பழைய நிபந்தனையை நம் கைகளாலேயே மறுபடியும் பின்னுகிறவர்கள் ஆவோம்.

கூடாரத்தின் நூல்கள்

ஆசரிப்புக் கூடாரத்திற்காக இஸ்ரவேலின் பெண்கள் தங்கள் கைகளினால் நூல் நூற்றார்கள். சிலர் இளநீலம், இரத்தாம்பரம், சிவப்பு, மெல்லிய பஞ்சு என்னும் நூல்களைக் கொண்டுவந்தார்கள், சிலர் வெள்ளாட்டு மயிரைத் திரித்தார்கள் (யாத். 35:25, 26). பஞ்சுநூல் திரைகள் உள்ளே அழகாயிருந்தன. ஆட்டுமயிரால் ஆன பதினொரு மூடுதிரைகள் அவற்றின்மேல் கூடாரமாக விரிந்தன (யாத். 26:7). விலை குறைந்தது என்பதற்காக ஆட்டுமயிர் மேலே போடப்படவில்லை. அந்த வேலைக்கு அதுவே ஏற்றது. இதுவே நூலைத் தெரிந்துகொள்ளும் முறை. யார் எந்த இடத்தில் போர்த்திக்கொள்ளப் போகிறார் என்பதை முதலாவது பாருங்கள். விலையைப் பிறகு பாருங்கள்.

கடைகளில் உல்லன் நூல் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது அக்ரிலிக். விலை குறைவு, எடை குறைவு, நிறங்கள் ஏராளம், துவைப்பது எளிது. ஆனால் வியர்வையை உறிஞ்சாது. நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டும். அடுப்படியில் நிற்கிறவர்களுக்கு அது வேண்டாம். பருத்தி நூல் வியர்வையை உறிஞ்சும். நம் ஊரின் புழுக்கத்திற்கு ஏற்றது. உணர்வு மிகுந்த தோலுக்கும் இதமானது. ஆனால் கனமாயிருக்கும், விலையும் கூடும். பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்த நூல் இரண்டுக்கும் நடுவானது. ஆட்டு ரோமத்தால் ஆன உண்மையான கம்பளி நூல் மூணாறு, ஊட்டி போன்ற குளிர்ந்த இடங்களில் இருக்கிறவர்களுக்கு ஏற்றது. சிலருக்கு அது அரிக்கும். வெந்நீரில் துவைத்தால் சுருங்கிவிடும்.

செல்லும் செலவு

கோபுரம் கட்ட மனதாயிருக்கிறவன் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பான் என்று ஆண்டவர் சொன்னார் (லூக்கா 14:28). சால்வைக்கும் அது பொருந்தும். பெரியவர் ஒருவருக்கு முக்கோணச் சால்வை பின்ன, நடுத்தரப் பருமனுள்ள அக்ரிலிக் நூல் ஏறக்குறைய 300 கிராம் தேவைப்படும். அதே அளவைப் பருத்தியில் பின்னினால் எடை கூடும். இதற்கு 5 மில்லிமீட்டர் கொக்கி ஊசி போதும். பெரிய ஊசியால் தளர்த்திப் பின்னினால் நூல் மிச்சமாகும்; சால்வையும் மென்மையாய் விழும்.

முழு நூலையும் ஒரே தடவையில் வாங்குங்கள். ஒரே நிறமானாலும் சாயம் முக்கிய தொகுதிக்குத் தொகுதி வேறுபடும். சீட்டில் அச்சிட்டிருக்கும் சாயத்தொகுதி எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பத்து சென்டிமீட்டர் சதுரம் ஒன்றைப் பின்னித் துவைத்துப் பார்த்தபின் வேலையைத் தொடங்குங்கள்.

பணம் குறைவாயிருந்தால், வீட்டில் மீந்த நூல்களைச் சேர்த்துச் சிறு சதுரங்களாகப் பின்னி இணைக்கலாம். ஒரே வகையும் ஒரே பருமனுமான நூல்களையே சேருங்கள். இல்லாவிட்டால் துவைத்தபின் ஒரு பக்கம் சுருங்கி இழுக்கும். பல நிறங்கள் சிதறித் தெரியாதபடி, எல்லாச் சதுரங்களுக்கும் ஒரே நிறத்தில் கரை போடுங்கள். அப்போது அது மிச்சத்தால் ஆனது என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். அதற்கும் வழியில்லையென்றால் சால்வையைச் சிறிதாக்குங்கள், முரடாக்காதீர்கள். தோளை மட்டும் மூடும் மென்மையான சிறு சால்வை, உடல் முழுவதையும் மூடி அரிக்கும் பெரிய சால்வையைவிட நல்லது.

யாருக்குப் போர்த்துகிறோம்?

நம் நகரத்தின் பிராந்தியப் புற்றுநோய் மையத்திற்குக் கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்தும் நம் ஜனங்கள் வருகிறார்கள். மருந்து ஏறும் வேளையில், வெளியே வெயில் கொளுத்தினாலும் சிலருக்குக் குளிரும். கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற தோலில் முரட்டு நூல் பட்டால் எரியும். இவர்களுக்குக் கொடுப்பதானால் மெல்லிய பருத்தியில் பின்னி, துவைத்துக் காயவைத்து, சுத்தமான பையில் போட்டு, மருத்துவமனையாரிடம் அனுமதி கேட்டபின் கொடுங்கள். கைக்குழந்தைக்கு என்றால் விரல் சிக்காதபடி நெருக்கமாகப் பின்னுங்கள். தூங்கும் குழந்தையின்மேல் அதைத் தளர்வாகப் போடவேண்டாம் என்று தாயிடம் சொல்லுங்கள்.

1998-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜேனட் பிரிஸ்டோ, விக்டோரியா காலோ என்னும் இரு பெண்கள், ஜெபித்துக்கொண்டே சால்வை பின்னித் துன்பப்படுகிறவர்களுக்குக் கொடுக்கும் ஊழியத்தைத் தொடங்கினார்கள். அது பல நாடுகளுக்குப் பரவியது. நாமும் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு ஜெபம் ஏறெடுக்கலாம். ஆனால் வல்லமை நூலில் இல்லை. பவுலின் சரீரத்திலிருந்த உறுமால்களைக் கொண்டுபோய் வியாதிக்காரர்மேல் போட்டபோதும், கிரியை செய்தவர் தேவனே (அப். 19:11, 12). சால்வையைத் தாயத்துப்போல் ஒருவரும் எண்ணாதபடி, கொடுக்கும்போதே இதைத் தெளிவாய்ச் சொல்லிவிடுங்கள்.

யோப்பா பட்டணத்துத் தபீத்தாள் மரித்தபோது, விதவைகள் அழுதுகொண்டு, அவள் தங்களுக்குச் செய்துகொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் பேதுருவுக்குக் காண்பித்தார்கள் (அப். 9:39). அவள் வாங்கிய துணியின் விலை வேதத்தில் எழுதப்படவில்லை. ஒன்றுமட்டும் தெரிகிறது: அந்த ஏழைப் பெண்கள் அவற்றைக் காண்பிக்க வெட்கப்படவில்லை. உங்கள் கையிலிருந்து புறப்படும் சால்வையும் அப்படியே இருக்கட்டும். கர்த்தர் உங்கள் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.