விமானியின் தேகப் பரீட்சை

ஆகாய விமானத்தில் ஏறி அமரும் நாம் விமானியின் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. மூடிய கதவுக்கு அப்பால் இருக்கும் இருவரிடம் குடும்பத்தோடு நம் உயிரை ஒப்புவித்துவிட்டு, நிம்மதியாகக் கண்ணயர்கிறோம். இந்த நிம்மதிக்கு ஆதாரமாயிருப்பவற்றுள் ஒன்று, அவர்கள் பெற்றிருக்கும் வைத்திய அத்தாட்சிப் பத்திரம். அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை நேயர்களுடன் சற்று ஆராய விரும்புகிறோம்.

சர்வதேச விதிகளின்படி, பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் விமானி முதல் வகுப்பு வைத்தியப் பரீட்சையில் தேற வேண்டும். அப்பத்திரம் பொதுவாக 12 மாதம் செல்லும். 60 வயதைத் தாண்டியவருக்கு 6 மாதமே. கண், காது, ஹிருதயம் முதலிய யாவும் சோதிக்கப்படுகின்றன. அதற்குத் தக்க காரணம் உண்டு. ஓடுபாதையின் ஓரத்தில் வரிசையாக நான்கு விளக்குகள் இருக்கும். இரண்டு வெண்மையாகவும் இரண்டு சிவப்பாகவும் தெரிந்தால் விமானம் சரியான உயரத்தில் இறங்குகிறது. நான்கும் சிவப்பாகத் தெரிந்தால் அளவுக்கு மீறித் தாழ்ந்துவிட்டது. நிறம் பிரித்தறியாத கண்ணுக்கு இந்த எச்சரிக்கை எட்டுமா?

ஆயினும் தேகக் குறை எல்லாமே தடையாவதில்லை. மூக்குக் கண்ணாடியால் பார்வை சீர்ப்படுமானால் போதும். மாற்றுக் கண்ணாடி ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. எண்ணெய் வயலில் நேர்ந்த விபத்தில் ஒரு கண்ணை இழந்த அமெரிக்கரான வைலி போஸ்ட், 1933-ம் வருஷத்தில் தன்னந்தனியாக உலகை விமானத்தில் வலம் வந்து, அச்சாதனையைப் புரிந்த முதல் மனிதரானார்.

வைத்தியக் கருவிகளுக்கும் ஓர் எல்லை உண்டு. 1972-ம் வருஷம் ஜூன் 18-ந் தேதி லண்டனிலிருந்து பிரஸ்ஸல்ஸுக்குக் கிளம்பிய விமானம் சில நிமிஷங்களில் ஸ்டெயின்ஸ் நகரருகே விழுந்தது. அதிலிருந்த 118 பேரும் மாண்டனர். தலைமை விமானிக்குக் கடுமையான ஹிருதய நோய் இருந்தது பிரேதப் பரிசோதனையில்தான் வெளிப்பட்டது. அவர் உயிரோடிருந்த காலத்தில் நடந்த பரீட்சைகள் அதைக் காட்டிக் கொடுக்கவில்லை.

ஹிருதயமே இப்படி மறைந்திருக்குமானால், மனத்தைப் பற்றி என்ன சொல்வது! 2015-ம் வருஷம் மார்ச் 24-ந் தேதி, பார்ஸிலோனாவிலிருந்து ஜெர்மனிக்குப் பறந்த ஜெர்மன்விங்ஸ் விமானத்தில், தலைமை விமானி அறையை விட்டு வெளியே சென்ற சமயம், துணை விமானி உள்ளே தாளிட்டுக்கொண்டு விமானத்தை ஆல்ப்ஸ் மலையில் மோதவிட்டார். 150 உயிர்கள் போயின. செல்லுபடியான அத்தாட்சிப் பத்திரம் அவரிடம் இருந்தது. வேலைக்குப் போகலாகாதென்று வைத்தியர் எழுதிக் கொடுத்த சீட்டும் இருந்தது! அதை அவர் கம்பெனிக்குக் காட்டவில்லை. நோயாளியின் ரகசியத்தைக் காக்கக் கடமைப்பட்ட வைத்தியர்களும் அதிகாரிகளுக்குத் தெரிவிக்கவில்லை. பத்திரம் பறிபோனால் பிழைப்பும் பறிபோகும் என்ற அச்சமே விமானிகளை இவ்வாறு மௌனமாக இருக்கச் செய்கிறதென்பதைப் பிரெஞ்சு விசாரணையாளர் எடுத்துக் காட்டினர்.

உபாத்தியாயர்களுக்கு இது புதிய செய்தியன்று. உண்மை சொன்ன பிள்ளைக்குப் பிரம்படி கிடைக்கும் வகுப்பில், மறுநாள் முதல் எந்தப் பிள்ளையும் உண்மை சொல்லாது. பரீட்சையைக் கடுமையாக்குவது எளிது. உண்மை சொல்பவனுக்குப் புகலிடம் அளிப்பதுதான் அரிது.

அத்திசையில் சில அடிகள் எடுத்து வைக்கப்பட்டுள்ளன. மனச்சோர்வுக்கான சில மருந்துகளை உட்கொள்வோரும், தக்க கண்காணிப்பின் பேரில், பறக்க அனுமதி பெறலாம் என்று 2010-ல் அமெரிக்க அதிகாரிகள் விதியைத் தளர்த்தினர். 2018-ல் ஐரோப்பிய யூனியன் இயற்றிய விதி, வேலைக்கு அமர்த்துமுன் மனநிலைப் பரிசோதனை நடத்த வேண்டுமென்று கூறுவதோடு, இடருற்ற விமானிகளுக்கு உதவும் ஏற்பாட்டையும் கட்டாயமாக்கியது.

இவை போதுமா? வைத்தியர் பார்ப்பது வருஷத்தில் ஒரு நாள். மற்ற நாட்களிலெல்லாம் விமானி தன்னைத் தானே பரீட்சித்துக்கொள்ள வேண்டியவராகிறார். "இன்று என்னால் இயலாது" என்று சொல்லும் விமானியைக் கம்பெனி தண்டிக்காமல் இருக்கட்டும். அவருக்குப் பதில் வேறொருவர் வரும்வரை விமானம் இரண்டு மணி தாமதமானால், பிரயாணிகளாகிய நாமும் முணுமுணுக்காமல் இருப்போமாக. அந்தத் தாமதத்தினால் காப்பாற்றப்படுவது நம் உயிரே அல்லவா?