கட்டணத்திற்கு முன் சில கேள்விகள்

இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்காவான டெக்னோபார்க், 1990-இல் கழக்கூட்டத்தில் தொடங்கப்பெற்றது. பெருந்தொற்றுக் காலத்தில் தகவல்தொழில்நுட்ப ஊழியர்கள் வீட்டிலிருந்தே பணிபுரிந்ததை நாம் கண்டோம். இணையவழிப் பயிற்சி பெற்றால் அத்தகைய வேலை நமக்கும் கிட்டுமா?

பயிற்சி திறனைத் தரும். வேலையைத் தருவது நிறுவனமே. அன்று வீட்டிலிருந்து உழைத்தோர் பெரும்பாலும் முன்பே பணியில் இருந்தவர்கள். அவர்களது திறனை நிறுவனம் அறிந்திருந்தது. புதியவர் அந்நம்பிக்கையை இனித்தான் ஈட்ட வேண்டும்.

எனவே, முதலில் நாம் விரும்பும் பணிக்கான பத்து விளம்பரங்களைப் படிப்போம். அனுபவமில்லாதவரை வீட்டிலிருந்து பணிபுரிய எத்தனை நிறுவனங்கள் ஏற்கின்றன? பின்னர்ப் பயிற்சி நிலையத்திடம், சென்ற ஆண்டு பயின்றோரில் எத்தனை பேர் எங்கெங்கு பணியில் சேர்ந்தனர் எனக் கேட்போம். ‘வேலை உறுதி’ என்றால், கட்டணத்தைத் திருப்பித் தரும் நிபந்தனையை எழுத்தில் பெறுவோம்.

நடுவண் அரசின் ‘ஸ்வயம்’ தளத்தில் கட்டணமின்றிப் பயிலலாம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டுமே கட்டணம். நம் ஆர்வத்தை அங்கே முதலில் சோதித்துப் பார்ப்பது நலம்.

தவணையில் சேர்வோர் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். பல வேளைகளில் அத்தவணை, ஒரு நிதி நிறுவனம் நம் பெயரில் வழங்கும் கடனே. பயிற்சியைப் பாதியில் விட்டாலும், வேலை கிட்டாவிடினும், கடன் நிற்காது.

வேலை தர முன்பணம் கேட்போரையும், பிறர் பணத்தை நம் கணக்கின் வழியே அனுப்பச் சொல்வோரையும் விலக்குவோம். ஏமாந்துவிட்டால் தாமதியாது 1930 என்ற எண்ணை அழைப்போம்; வங்கிக்கும் தெரிவிப்போம்.