உங்கள் நோட்ஸ் உங்களுக்கு மட்டும்தான் தெரிகிறதா? பிரசன்டேஷன் சொதப்பாமல் இருக்க சில வழிகள்!

ஆபீஸ் ரிவ்யூ மீட்டிங், காலேஜ் புராஜெக்ட் வைவா, புது கிளையன்ட்டுடன் முதல் சந்திப்பு... எதுவாக இருந்தாலும், புரொஜெக்டர் கேபிளை லேப்டாப்பில் செருகியதும் வரும் அந்த ஐந்து நிமிடப் பதற்றம் பலருக்கும் பழக்கமானதுதான். பெரிய திரையில் ஸ்லைடு வரும். ஆனால், லேப்டாப்பில் நோட்ஸ் வராது. இன்னும் மோசமாக, நோட்ஸ் மொத்தமும் பெரிய திரையில் வந்து நிற்கும். 'ரொம்பக் கேட்டால் 10 சதவிகிதம் குறைக்கலாம்' என்று நீங்கள் உங்களுக்காக எழுதிவைத்ததை கிளையன்ட்டே வாசித்துக்கொண்டிருப்பார்!

இத்தனைக்கும் இது பெரிய டெக்னிக்கல் விஷயமே இல்லை. எங்கே சிக்கல் வருகிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டால் போதும், அடுத்தமுறை நீங்களே அரை நிமிடத்தில் சரிசெய்துவிடலாம்.

டூப்ளிகேட்டா, எக்ஸ்டெண்டா?

எல்லாக் குழப்பத்துக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. லேப்டாப்புடன் இன்னொரு திரையை இணைக்கும்போது, விண்டோஸ் அதை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். 'டூப்ளிகேட்' என்றால், லேப்டாப்பில் தெரிவது அப்படியே பெரிய திரையிலும் தெரியும். 'எக்ஸ்டெண்ட்' என்றால், இரண்டும் தனித்தனித் திரைகள். இதில் ஒன்று, அதில் வேறொன்று.

பவர்பாயின்ட்டில் 'பிரசென்டர் வியூ' என்று ஒரு வசதி இருக்கிறது. இப்போதைய ஸ்லைடு, அடுத்த ஸ்லைடு, உங்கள் நோட்ஸ், எவ்வளவு நேரம் ஆச்சு என்பதெல்லாம் அதில் உங்களுக்கு மட்டும் தெரியும். அது சரியாக வேலை செய்ய இரண்டு தனித்தனித் திரைகள் தேவை. டூப்ளிகேட்டில் இருந்தால் உங்களுக்கென்று தனித் திரையே கிடையாது. அப்புறம் நோட்ஸ் எங்கே வரும்?

நோட்ஸ் வரவேயில்லையா?

முதலில் எஸ்கேப் அழுத்தி ஸ்லைடு ஷோவை நிறுத்துங்கள். பிறகு கீபோர்டில் விண்டோஸ் கீயையும் 'பி' எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் நான்கு ஆப்ஷன்களில் 'எக்ஸ்டெண்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து, பவர்பாயின்ட்டில் 'ஸ்லைடு ஷோ' டேபுக்குப் போய் 'யூஸ் பிரசென்டர் வியூ' என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது எஃப்5 அழுத்தினால் நோட்ஸ் வந்துவிடும். நடுவில் நிறுத்தியிருந்தால் ஷிஃப்ட்டுடன் சேர்த்து எஃப்5 அழுத்துங்கள். விட்ட ஸ்லைடிலிருந்தே தொடங்கும்.

நோட்ஸ் பெரிய திரைக்குப் போய்விட்டதா?

பதறி கேபிளைப் பிடுங்க வேண்டாம். பிரசென்டர் வியூவின் மேல்பகுதியில் 'டிஸ்ப்ளே செட்டிங்ஸ்' இருக்கும். அதில் 'ஸ்வாப் பிரசென்டர் வியூ அண்ட் ஸ்லைடு ஷோ' என்பதை க்ளிக் செய்தால் இரண்டும் இடம் மாறிவிடும். மேக் பயன்படுத்துபவர்களுக்கு பவர்பாயின்ட்டில் 'ஸ்வாப் டிஸ்ப்ளேஸ்' என்று இருக்கும்.

கூகுள் ஸ்லைட்ஸில் கதை வேறு. அதில் நோட்ஸ் தனி விண்டோவாகத் திறக்கும். ஸ்லைடு ஓடும் விண்டோவைப் பெரிய திரைக்கு இழுத்துவிட்டு, நோட்ஸ் விண்டோவை லேப்டாப்பிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். விண்டோஸ் கீ, ஷிஃப்ட், அம்புக்குறி மூன்றையும் சேர்த்து அழுத்தினால், திறந்திருக்கும் விண்டோ ஒரு திரையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்.

பெரிய திரை கறுப்பாகவே இருக்கிறதா?

முதலில் கேபிள் இரு பக்கமும் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு புரொஜெக்டர் ரிமோட்டில் 'சோர்ஸ்' பட்டனை அழுத்தி, நீங்கள் செருகிய எச்.டி.எம்.ஐ போர்ட் தேர்வாகியிருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். எச்.டி.எம்.ஐ 1-ல் செருகிவிட்டு 2-ல் படத்துக்காகக் காத்திருப்பது அடிக்கடி நடக்கும் கூத்து!

புது லேப்டாப்களில் எச்.டி.எம்.ஐ போர்ட் இல்லாமல் டைப்-சி மட்டும் இருக்கலாம். எல்லா டைப்-சி போர்ட்டும் வீடியோவை அனுப்பாது. சிலவற்றில் சார்ஜ் ஏற்றுவதும் ஃபைல் அனுப்புவதும் மட்டும்தான் முடியும். அதனால், அடாப்டர் வாங்கினால் வீட்டு டிவியில் செருகி ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

மவுஸ் காணோம், சத்தம் காணோம்!

எக்ஸ்டெண்ட் செய்ததும் மவுஸ் பாயின்டர் திரையின் ஓரத்தைத் தாண்டி மறுதிரைக்குப் போய்விடும். செட்டிங்ஸில் 'டிஸ்ப்ளே' பக்கத்தைத் திறந்தால் 1, 2 என்று இரண்டு பெட்டிகள் தெரியும். புரொஜெக்டர் திரை உங்களுக்கு எந்தப் பக்கம் இருக்கிறதோ, அந்தப் பக்கம் 2-ஐ இழுத்து வையுங்கள். மவுஸும் அந்தத் திசையில் போய் வரும்.

ஸ்லைடில் வீடியோ இருந்து சத்தம் வரவில்லை என்றால், எச்.டி.எம்.ஐ வழியாக ஆடியோ புரொஜெக்டருக்குப் போயிருக்கலாம். டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் ஐகானை க்ளிக் செய்து, லேப்டாப் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது.

ஆன்லைன் மீட்டிங்கில் கூடுதல் கவனம்

ஜூமில் இரண்டு திரைகளோடு பகிரும்போது, ஸ்லைடு ஓடும் திரையை மட்டும் தேர்ந்தெடுங்கள். அவசரத்தில் முதல் திரையைக் கொடுத்தால் உங்கள் நோட்ஸோடு வாட்ஸ்அப் மெசேஜும் ஊருக்கே தெரியும். டீம்ஸில் 'பவர்பாயின்ட் லைவ்' வழியாக ஃபைலைப் பகிர்ந்தால், ஒரே திரை இருந்தாலும் நோட்ஸ் உங்களுக்கு மட்டும்தான் காட்டும்.

தமிழில் நோட்ஸ் எழுதலாமா?

தாராளமாக எழுதலாம். ஸ்லைடு ஆங்கிலத்தில் இருந்தாலும், மனசுக்குள் ஓடும் மொழியில் குறிப்பு இருந்தால் பேச்சு தடுமாறாது. முதல் தலைமுறையாக காலேஜுக்கு வந்து, வைவாவில் ஆங்கிலத்தில் பேசியாக வேண்டிய மாணவர்களுக்கு இது பெரிய தைரியம். ஒன்றே ஒன்று... யுனிகோடில் டைப் செய்யுங்கள். பழைய வகை ஃபான்ட்டுகளில் அடித்தால், அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் தமிழ் அப்படியே கிறுக்கலாகிவிடும்.

நோட்ஸில் முழு வாக்கியங்கள் வேண்டாம். ஒரு ஸ்லைடுக்கு நான்கைந்து வார்த்தைகள், மறக்கக் கூடாத எண்கள் இருந்தால் போதும். வரிவரியாக எழுதினால், எதிரே இருப்பவர்களைப் பார்க்காமல் லேப்டாப்பையே வாசித்துக்கொண்டிருப்பீர்கள்.

வீட்டில் ஒத்திகை

இரண்டாவது திரை இல்லாமலேயே பழகலாம். ஆல்ட்டுடன் எஃப்5 அழுத்தினால், ஒற்றைத் திரையிலும் பிரசென்டர் வியூ திறக்கும். 2013 வெர்ஷனிலிருந்து இந்த வசதி இருக்கிறது. ஆனால், இதை ஒத்திகைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டூப்ளிகேட்டில் இருக்கும்போது இதை அழுத்தினால் நோட்ஸ் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

முடிந்த பிறகும் ஒரு வேலை

'பி.பி.டி-யைக் கொஞ்சம் மெயில் பண்ணிடுங்க' என்று கேட்பார்கள். அப்படியே அனுப்பினால் நோட்ஸும் கூடவே போகும். மேடையில் காப்பாற்றிய ரகசியம் மெயிலில் போய்ச் சேர்ந்துவிடும். அதனால், ஃபைலை காப்பி எடுத்து, 'ஃபைல்' மெனுவில் 'இன்ஃபோ', 'செக் ஃபார் இஷ்யூஸ்', 'இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்' என்று போய், 'பிரசன்டேஷன் நோட்ஸ்' என்பதை நீக்கிவிட்டு அனுப்புங்கள். காப்பியில் மட்டும் செய்யுங்கள். ஒரிஜினலில் நீக்கினால் நோட்ஸ் போயே போச்சு.

இவ்வளவுக்குப் பிறகும் மெஷின் மெஷின்தானே... பிரின்ட் ஆப்ஷனில் 'நோட்ஸ் பேஜஸ்' தேர்ந்தெடுத்து, ஒரு செட் தாளில் எடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் முன்னதாகப் போய் கேபிளைச் செருகிப் பாருங்கள். எதுவுமே சரியாகவில்லை என்றால், டூப்ளிகேட்டில் ஸ்லைடை ஓடவிட்டு, தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசத் தொடங்குங்கள். வந்திருப்பவர்கள் நீங்கள் சொல்வதைக் கேட்கத்தான் வந்திருக்கிறார்கள்!