சாமி கண்ணைக் குத்தாது!

பிரதோஷ வேளையில் நந்தியெம்பெருமானுக்குப் பாலாபிஷேகம் நடந்துகொண்டிருக்கும். அடியார்கள் கைகூப்பி நிற்பார்கள். அந்தக் கூட்டத்துக்குள் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் மட்டும் தூணுக்குத் தூண் ஓடுவான்; பலிபீடத்தின் மேல் ஏற முயல்வான்; யாரோ ஒருவர் கையிலிருந்த பூக்கூடையைத் தட்டிவிடுவான். "சும்மா நில்லுடா, சாமி கண்ணைக் குத்தும்!" என்பார் பாட்டி. சிறுவன் அஞ்சிக் கண்களை இறுக மூடிக்கொண்டு நிற்பான். அரை நிமிடம்தான். பிறகு மீண்டும் ஓட்டம்.

ஊருக்கு ஊர் காணக்கூடிய காட்சி இது. 'வளர்ப்புச் சரியில்லை' என்று பக்கத்தில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். தாய் தலைகுனிவார். அந்த அரை நிமிடத்தை மட்டும் ஒருவரும் கவனிப்பதில்லை. நிற்க வேண்டும் என்று பிள்ளை விரும்பினான், முயன்றான், இயலவில்லை. விரும்பியும் இயலாத இந்த நிலை நாள்தோறும், வீட்டிலும் பள்ளியிலும் தொடருமானால் அதற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு: கவனக்குறைவும் மிகை இயக்கமும் கொண்ட குறைபாடு. சுருக்கமாக ஏ.டி.எச்.டி. என்பார்கள். உலக அளவில் நூறு குழந்தைகளில் ஏறத்தாழ 5 பேருக்கு இது இருப்பதாக ஆய்வுகள் மதிப்பிடுகின்றன.

பிள்ளையை மருத்துவரிடம் காட்டலாமா, பெயர் சூட்டிவிடுவார்களோ, மாத்திரை கொடுத்துவிடுவார்களோ என்ற தயக்கத்திலேயே பல குடும்பங்களில் ஆண்டுகள் கழிகின்றன. தயக்கம் இயல்பானது. ஆயினும் அந்த ஆண்டுகளில் பிள்ளை தன்னைப் பற்றி என்ன கற்றுக்கொள்கிறான் என்பதுதான் பெற்றோர் எண்ண வேண்டிய முதற்செய்தி. பள்ளியில் அவன் கெட்டவன், வீட்டில் அடங்காதவன், கோயிலில் சாமிக்கும் பிடிக்காதவன்.

குறும்பு வேறு, குறைபாடு வேறு

ஓடியாடும் பிள்ளைகள் அனைவருக்கும் இக்குறைபாடு இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. 'கண்ணன் செய்யாத குறும்பா?' என்று பெரியவர்கள் கேட்பதில் பொருள் இருக்கிறது. ஆனால் கண்ணனின் கதையிலேயே வேறுபாடும் விளங்கும். உரலைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி உறி வெண்ணெயை எடுக்கத் தெரிந்தவன் அவன். ஆய்ச்சியர் இல்லாத வேளை பார்த்துத் தோழர்களைக் கூட்டிச் செல்லத் தெரிந்தவன். துரத்திய யசோதை களைத்துப்போனபோது, தானே அகப்பட்டு உரலில் கட்டுண்டு நிற்கவும் அவனுக்குத் தெரிந்தது. குறும்பு செய்யும் பிள்ளை, தான் நினைத்தால் நிறுத்திக்கொள்வான். இக்குறைபாடு உடைய பிள்ளைக்கு அது எளிதில் கைகூடுவதில்லை.

தொடங்கிய வீட்டுப்பாடம் முடிவதில்லை. பென்சில் டப்பா வாரந்தோறும் தொலைகிறது. ஆசிரியர் கேள்வியை முடிக்குமுன் பதில் வெளிவந்துவிடுகிறது. விளையாட்டில் தன் முறை வரும்வரை காத்திருக்க இயலாமல் தோழர்களை இழக்கிறான். பிடித்த விளையாட்டில் மட்டும் மணிக்கணக்கில் அமர்கிறானே என்று பெற்றோர் குழம்புவதுண்டு. கவனம் அவனிடம் இருக்கிறது; வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில் அதைச் செலுத்துவதுதான் கடினமாக இருக்கிறது.

ஓடாமல் அமைதியாக இருக்கும் பிள்ளைகளிலும் இது உண்டு. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி பாடத்தைத் தவறவிடும் பெண் குழந்தை எவருக்கும் தொல்லை தருவதில்லை. ஆகையால் 'சோம்பேறி', 'மந்தம்' என்ற சொற்களோடு அவளுடைய பள்ளிப் பருவம் கழிந்துவிடுகிறது. பெண் குழந்தைகளிடம் இக்குறைபாடு காலந்தாழ்ந்தே அறியப்படுவதற்கு இது ஒரு காரணம்.

இது இக்காலத்து நாகரிகம் கண்டுபிடித்த நோய் என்பாரும் உளர். அறிவுத்திறன் குன்றாதிருந்தும் தம்மை அடக்கிக்கொள்ள இயலாத சிறுவர்களைப் பற்றி ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர் லண்டனில் சொற்பொழிவுகள் ஆற்றியது 1902இல். கைபேசியும் தொலைக்காட்சியும் அன்று இல்லை.

யார் மீது பழி?

"இவன் அப்பனும் இந்த வயதில் இப்படித்தான் அம்மா இருந்தான். போகப் போகச் சரியாகிவிடும்" என்று மருமகளைத் தேற்றும் மாமியார்கள் பலர். அந்தச் சொல்லில் அவர்கள் அறியாத உண்மை ஒன்று அடங்கியிருக்கிறது. இக்குறைபாட்டில் மரபின் பங்கு மிகப் பெரிது என்பதை இரட்டையர்களைக் கொண்டு நடத்திய ஆய்வுகள் காட்டியுள்ளன. குடும்பத்தில் வேறு எவருக்கேனும் இப்படி இருந்ததா என்று மருத்துவர் வினவும்போது, தம் பள்ளி நாட்களை நினைத்து மௌனமாகிவிடும் தந்தையர் உண்டு. மகனுக்கு மருந்து வேண்டாம் என்று பிடிவாதம் பிடிப்பவர்களில் சிலருக்கு, தாம் வாங்கிய பிரம்படிகளின் நினைவும் அதில் கலந்திருக்கும்.

ஆக, இது தாய் செல்லம் கொடுத்ததால் வந்ததில்லை. தந்தை கண்டிக்கத் தவறியதால் வந்ததுமில்லை. இனிப்பு தின்றதால் வந்தது என்பதற்கும் ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. கண்ணேறு கழிப்பதும், தாயத்துக் கட்டுவதும், ஜாதகம் பார்ப்பதும் அவரவர் நம்பிக்கை. ஆனால் 'இந்தத் திசை முடியட்டும்' என்று காத்திருந்தால் பிள்ளையின் மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் காத்திருப்பதில்லை.

பரிசோதனையில் என்ன நடக்கும்?

மருத்துவரிடம் செல்வது என்றாலே மாத்திரைக்குச் சம்மதிப்பது என்று பொருளாகாது. இக்குறைபாட்டை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. விரிவான விசாரணையே முதன்மையானது. அறிகுறிகள் ஆறு மாதங்களுக்குக் குறையாமல் நீடிக்கின்றனவா, 12 வயதுக்கு முன்பே தோன்றினவா, வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் காணப்படுகின்றனவா, பிள்ளையின் படிப்பையும் நட்பையும் உண்மையில் பாதிக்கின்றனவா என்று பார்ப்பார்கள். பெற்றோரும் ஆசிரியரும் தனித்தனியே வினாத்தாள்களை நிரப்ப வேண்டியிருக்கும்.

வேறு காரணம் உண்டா என்று ஆராய்வதும் இதில் அடங்கும். காது சரியாகக் கேட்காத பிள்ளையும், கரும்பலகை தெளிவாகத் தெரியாத பிள்ளையும் கவனமற்றவர்களாகவே தோன்றுவர். உறக்கக் குறைவு, தைராய்டு கோளாறு, கற்றல் குறைபாடு, மனப்பதற்றம், சில நொடிகள் நினைவு தப்பும் ஒருவகை வலிப்பு ஆகியவையும் இதே தோற்றம் தரலாம். பத்து நிமிடம் பார்த்துவிட்டு மாத்திரை எழுதித் தரப்பட்டால், விரிவான மதிப்பீடு வேண்டும் என்று கேட்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு.

மாத்திரை பற்றிய அச்சங்கள்

மருந்துகளில் முதன்மையானது மெத்தில்ஃபெனிடேட். 1944இல் முதன்முதலாகத் தயாரிக்கப்பட்ட இது, மூளையில் டோபமைன், நார்அட்ரினலின் என்னும் வேதிப்பொருள்களின் செயல்பாட்டைக் கூட்டி, கவனத்தை நிலைநிறுத்தவும் அவசரத்தை அடக்கவும் உதவுகிறது. சாதாரண மாத்திரையின் பலன் ஏறத்தாழ நான்கு மணி நேரம் நிற்கும். மெதுவாகக் கரையும் வகை பள்ளி நேரம் முழுவதற்கும் போதுமானது. அடமாக்ஸெட்டின் என்பது வேறு வகை. அதன் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

பெற்றோரின் அச்சங்கள் பொய்யானவை அல்ல. பசி குறையும், சிலருக்கு உறக்கம் தள்ளிப்போகும், வயிற்றுவலி, தலைவலி, எரிச்சல் தோன்றலாம். உயர வளர்ச்சி சிறிது மெதுவாகலாம். ஆகவேதான் மருந்து தொடங்குமுன் எடை, உயரம், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, குடும்பத்தில் இதயநோய் உண்டா என்றும் விசாரிக்கிறார்கள். குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகவே கூட்டுகிறார்கள். பிள்ளை சுறுசுறுப்பிழந்து பொம்மைபோல் ஆகிவிட்டால், அது அளவு பொருந்தவில்லை என்பதற்கான அறிகுறி; உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

'பழக்கமாகிவிடுமோ?' என்பது மற்றோர் அச்சம். இம்மருந்து இந்தியாவில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது என்பதால் இந்த ஐயம் வலுக்கிறது. மருத்துவர் குறித்த அளவில் உட்கொள்ளும் சிறுவர்கள் பிற்காலத்தில் போதைக்கு ஆளாகும் வாய்ப்பு இதனால் கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. எனினும் மாத்திரையைப் பெரியவர்களின் பொறுப்பில் பூட்டி வைப்பதும், வேறொருவருக்குக் கொடுக்காதிருப்பதும் கட்டாயம்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் மருந்து தேவைப்படுவதில்லை. ஆறு வயது நிரம்பாத குழந்தைகளுக்கு முதலில் பெற்றோருக்கான பயிற்சியே வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2019இல் வழிகாட்டியது. ஒரு நேரத்தில் ஒரே கட்டளை, அதுவும் அருகில் சென்று கண்ணைப் பார்த்து, செய்தவுடன் பாராட்டு, அன்றாட வேலைகளைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டுதல், நீண்ட பாடத்தைப் பத்துப் பத்து நிமிடங்களாகப் பிரித்தல். எளியவைபோல் தோன்றும் இவற்றைக் கோபப்படாமல் நாள்தோறும் கடைப்பிடிப்பதற்குத்தான் பயிற்சி தேவைப்படுகிறது.

579 குழந்தைகளை 14 மாதங்கள் கண்காணித்த பெரிய அமெரிக்க ஆய்வொன்று 1999இல் வெளியாயிற்று. கவனமாகக் கண்காணித்துக் கொடுத்த மருந்து, நடத்தைப் பயிற்சி மட்டும் அளித்ததைவிட அறிகுறிகளை நன்கு குறைத்தது. இரண்டையும் சேர்த்துப் பெற்ற பிள்ளைகளுக்குக் குறைந்த அளவு மருந்தே போதுமானதாக இருந்தது. மூன்றாண்டு முடிவில் பார்த்தபோது குழுக்களிடையே இருந்த அந்த வேறுபாடு மறைந்திருந்தது. மாத்திரை தொடங்கியதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடலாகாது என்பதை இம்முடிவு உணர்த்துகிறது.

ஒரு மண்டலக் கணக்கு

கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பெரியவர்கள் இன்னொரு பக்கம் என்று வீடு பிரிந்து நிற்கும்போது வாதத்தால் முடிவு கிட்டாது. ஒரு மண்டலம் விரதம் இருப்பவர் நாள் தவறாமல் எண்ணிக்கை வைப்பதுபோல், ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு எழுதி வரலாம். இடப்பக்கத்தில் நன்மைகள்: வீட்டுப்பாடம் முடிய எத்தனை நேரம் ஆயிற்று, டைரியில் ஆசிரியரின் புகார் எத்தனை, மாலையில் விளையாட எவரேனும் அழைத்தார்களா, வீட்டில் எத்தனை முறை குரல் உயர்ந்தது. வலப்பக்கத்தில் விலைகள்: மதிய உணவு எவ்வளவு மிஞ்சிற்று, எத்தனை மணிக்கு உறங்கினான், எடை எவ்வளவு, காரணமின்றி அழுதானா.

மருந்து தொடங்குமுன் இரண்டு வாரங்களுக்கும், தொடங்கிய பின்னும் இக்கணக்கு இருந்தால், எவருடைய அபிப்பிராயத்தையும் சாராமல் உண்மை தானே பேசும். இடப்பக்கம் வளரவில்லையென்றால் மருத்துவரிடம் காட்டி அளவையோ மருந்தையோ மாற்றலாம். அவர் மேற்பார்வையில் நிறுத்தவும் செய்யலாம். இன்னும் தேவைப்படுகிறதா என்று இடையிடையே மருந்தை நிறுத்திப் பார்க்கும் வழக்கமும் மருத்துவர்களிடம் உண்டு. வல்லாரை லேகியம் முதலியவை கொடுத்து வந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் இதே கணக்கைத் தொடர்வது நன்று. வேண்டாம் என்பதற்கும் ஒரு விலை உண்டு. அதைச் செலுத்துபவன் பிள்ளை.

சந்நிதியில் ஒரு வேலை

வைத்தீஸ்வரன்கோயிலில் ஈசன் வைத்தியநாதனாக வீற்றிருக்கிறான். அன்னை தையல்நாயகி தைலக் குடம் ஏந்தி உடன் நிற்கிறாள். திருமாலின் அம்சமான தன்வந்திரி அமுத கலசத்தோடு காட்சி தருகிறார். தெய்வங்களே மருந்தேந்தி நிற்கும் மரபில் வந்தவர்களுக்கு, மருந்து கொடுப்பது நம்பிக்கைக் குறைவாகத் தோன்ற வேண்டியதில்லை. பிரார்த்தனை பெற்றோருக்குப் பொறுமையைத் தரும். மருத்துவம் பிள்ளைக்குக் கைகொடுக்கும்.

இத்தகைய பிள்ளைகளைக் கோயிலுக்கு அழைத்துவராமல் இருப்பதும் தீர்வாகாது. கூட்டமற்ற காலை வேளையைத் தேர்ந்துகொள்ளலாம். அசையாமல் நிற்பது மட்டுமே வழிபாடு என்று எந்த ஆகமமும் கட்டளையிடவில்லை. நடந்து நடந்து தொழுவதற்குத்தான் பிரதட்சிணம் இருக்கிறது. ஒன்பது சுற்றையும் எண்ணும் பொறுப்பைப் பிள்ளையிடம் விடலாம். பூத்தட்டைச் சுமக்கச் சொல்லலாம். பிரசாதத்தைப் பகிர்ந்து கொடுக்கச் சொல்லலாம். விநாயகர் முன் போடும் தோப்புக்கரணம் அவனுக்கு மகிழ்ச்சியான வழிபாடாகவே இருக்கட்டும். தண்டனையாக மாற்ற வேண்டாம்.

உதவிக்கு எங்கே செல்வது என்று அறியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே ஆலோசனை பெறலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளையும், மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையங்களையும், சென்னை கீழ்ப்பாக்கத்திலுள்ள அரசு மனநலக் காப்பகத்தையும், பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தையும் அணுகலாம்.

மருந்து வேண்டுமா, வேண்டாமா என்பதைப் பெற்றோரும் மருத்துவரும் கூடித் தீர்மானிக்கட்டும். அதற்கு முன்பே பிள்ளையிடம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கண் மங்கலாகத் தெரிபவர்கள் கண்ணாடி அணிவதுபோல் உனக்கும் சிறிது உதவி தேவைப்படுகிறது, நீ கெட்ட பிள்ளை இல்லை, நீ படும் பாடு எங்களுக்குத் தெரியும், சாமிக்கும் தெரியும். இந்தச் சொற்களைக் கேட்டு வளரும் பிள்ளை, சந்நிதியில் அச்சமின்றிக் கண் திறந்து நிற்பான்.